பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கவும்

எங்கள் நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் வாசலில் ஒரு பலகை தொங்கும். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கவும் என்று தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். தமிழில் இல்லை. இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருக்கும்.

தேய்ந்த அரத்தைக் கொடுத்தால்தான் புது அரம். துடைப்பம் வேண்டுமென்றால் பழைய துடைப்பத்தின் கட்டையைக் காட்ட வேண்டும். ஒருமுறை பொது மேலாளருக்குப் புது நாற்காலி வந்தது. பழையதை முதலில் வாங்கிக்கொண்டு போனார்கள். புதியதைப் பரிசோதித்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவர் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். பத்தாம் நாள், நின்றபடி வேலை செய்வதால் உற்பத்தி பெருகும் என்று எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை வந்தது.

என் பெயர் உலகநாதன். நிறுவனம் ஹைதராபாத் பாலாநகரில் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அதன் ஆஸ்பத்திரியில்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை தருகிறார்கள், காலி பாட்டிலைக் கொண்டுபோனால். 1984இல் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராம் உதவியாளனாக இருந்தேன். அந்த வருஷம் நான் செய்ததை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சிரிப்பு வருகிற மாதிரி சொன்னால் வெட்கம் குறையுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் பிரிவில் கல்பகம் என்று ஒருவர் இருந்தார். பஞ்ச் ஆபரேட்டர். தட்டச்சு போன்ற இயந்திரத்தில் கார்டு கார்டாக ஓட்டை போடும் வேலை. அந்த ஓட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து இறந்தவர். அம்மாவும் போய்விட்டார், கல்யாணமும் ஆகவில்லை. மல்காஜ்கிரியில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தார். இரண்டு பஸ் மாறி வருவார். நான் பார்த்தவரையில் ஒரு கார்டில்கூட அவர் தப்பாக ஓட்டை போட்டதில்லை.

அந்த வருஷம் வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டு, தெலுங்கு வருஷப்பிறப்பான உகாதிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கல்பகம் கலங்கவில்லை. எங்கள் தரத்து ஊழியர்களுக்கான கம்பெனி குவார்ட்டர்ஸில் நான்கு வீடுகள் காலியாக இருந்தன. சர்வீஸ் வரிசைப்படி போடும் முன்னுரிமைப் பட்டியலில் அவர்தான் முதல் ஆள். போன வருஷத்துப் பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார்.

"ஒண்டிப் பொம்பளைக்கு யாரு சார் வாடகைக்குக் குடுக்குறாங்க? எட்டு வீடு பார்த்தேன். புருஷன் எங்கேன்னு கேக்குறாங்க. குவார்ட்டர்ஸ்ல அந்தக் கேள்வி கெடையாது. நம்பர் வந்தா சாவி" என்றார் என்னிடம்.

அதே பட்டியலில் நான் ஐந்தாவது. நானும் என் மனைவி ரமணியும் இரண்டு பிள்ளைகளும் திருமுல்கேரியில் ஒரு தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருந்தோம். நான்கு வீடு, ஐந்தாவது ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பட்டியலைப் போடுவது கம்ப்யூட்டர். எங்கள் புரோகிராம்கள் இருநூற்றுப் பன்னிரண்டும் ஃபோர்ட்ரான் என்ற மொழியில் எழுதப்பட்டவை. விமானக் கருவிகளுக்கான கணக்குப் போட வாங்கிய மொழியில் கேன்டீன் டோக்கன் வரைக்கும் எழுதி வைத்திருந்தோம். அந்த மொழியை இயந்திரத்துக்குப் புரியவைக்கிற கம்பைலர் பழையது, அறுபத்தாறாம் வருஷத்து முறை. பம்பாயிலிருந்து எழுபத்தேழாம் வருஷத்து முறைப்படியான புது கம்பைலர் ஒரு டேப்பில் வந்து சேர்ந்தது. கூடவே தடிமனாக ஒரு கையேடு.

ஸ்டோர்ஸில் டேப்பை எடை போட்டார்கள். நீளம் அளந்தார்கள். ஆய்வாளர் நான்கு அடி குறைகிறது என்று எழுதினார். டேப்பை மறுபடி சுற்றி அளந்தபோது நான்கு அடி கூடுதலாக இருந்தது. சராசரியாகச் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். கையேட்டுக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. அது புத்தகமா, உதிரி பாகமா என்பது முடிவாகாததால் 'பரிசோதனை நிலுவை' அலமாரியில் போய் உட்கார்ந்தது.

ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர் மொய்னுதீன் சாப் பழைய ஹைதராபாத் மனிதர். எங்கள் தமிழ்க் கூட்டத்தோடு இருபது வருஷம் பழகி, தமிழை உருது போலப் பேசுவார். "உலகநாத் சாப், இங்கே நின்னு படிங்கோ. வெளியே எடுக்க நக்கோ" என்று அலமாரிச் சாவியைக் கொடுத்தார். நக்கோ என்றால் கூடாது. மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

விஷயம் சின்னது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய, இத்தனை முறை சுற்று என்று புரோகிராமில் எழுதுவோம். பூஜ்யம் முறை என்று வந்தால் என்ன செய்வது? பழைய கம்பைலர் பந்தி பரிமாறுகிற தாராள மனசுக்காரர் மாதிரி. உட்கார்ந்தவருக்கு முதலில் ஒரு கரண்டி போட்டுவிட்டுத்தான் எத்தனை வேண்டும் என்று கேட்கும். புதியது வாசலிலேயே எத்தனை என்று கேட்கும். பூஜ்யம் என்றால் இலையே போடாது.

கணினி மேம்பாட்டுக் குழுவின் தலைவர் துணைப் பொது மேலாளர் ராமசுவாமி. அவரிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். பழையதும் மூன்று மாதம் இருக்கட்டும், புதியதும் பக்கத்தில் இருக்கட்டும், ஒவ்வொரு புரோகிராமையும் இரண்டிலும் ஓட்டி விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன்.

"ரெண்டு கம்பைலரா?" என்றார் ராமசுவாமி. "ஒரு மெஷினுக்கு ரெண்டு இருந்தா ஒண்ணு அதிகப்படி. அதிகப்படி இருந்தா ஆடிட்காரன் கேப்பான். எது அதிகப்படின்னு நான் என்ன பதில் சொல்றது?"

"நாற்பத்தோராம் பக்கத்துல சார்..."

"எந்தப் புஸ்தகத்துல?"

"புதுசோட வந்த கையேட்டுல சார்."

"அது இன்னும் ஸ்டோர்ஸ்ல ரிசீவே ஆகலையே. ரிசீவ் ஆகாத புஸ்தகத்துல பக்கம் எப்படி இருக்கும்? இதை நான் கேக்கலை உலகநாதன். நீங்களும் சொல்லலை."

பழைய கம்பைலரை ஸ்டோர்ஸில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஒப்படைக்கும் பொருள் உபயோகமற்றது என்று சான்று வேண்டும். அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, அதுதான் சிக்கல். குழு இரண்டு தடவை கூடி யோசித்தது. பதினெட்டு வருஷம் உழைத்ததால் களைப்படைந்துவிட்டது என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட்டார்கள். கழித்த பொருளை யாரும் திருடி மறுபடி உபயோகிக்கக் கூடாது என்று இன்னொரு விதி உண்டு. அதன்படி பழைய டேப்பையும் அதன் பிரதியையும் கருவிக் கூடத்துக்குக் கொண்டுபோய், துளையிடும் இயந்திரத்தில் வைத்து ஒவ்வொன்றிலும் ஆறு துளை போட்டார்கள். நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். துளைகளின் விட்டத்தை அளந்து பதிவு செய்தார்கள்.

மொய்னுதீன் சாப் துளை விழுந்த டேப்பை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். "பிச்சாரா, பாவம், நல்லா ஓடின குதிரை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது சான்றிதழ் கூட்டம். ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதன் பொறுப்பாளர், 'புதிய கம்பைலரால் இந்தப் புரோகிராம் பாதிக்கப்படவில்லை' என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புது கம்பைலர் இன்னும் இயந்திரத்தில் ஏறவேயில்லை. ஏற்ற வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும்.

"ஓட்டிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடலாமே சார்" என்றேன்.

ராமசுவாமி கண்ணாடியைக் கழற்றினார். எல்லோருக்கும் சேர்த்துப் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"ஜென்டில்மென், ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். சர்டிபிகேட் குடுத்த அப்புறம் டெஸ்ட் பண்ணா, சர்டிபிகேட்டை நம்பலைன்னு ஆகும். டெஸ்ட் பண்ணிட்டு சர்டிபிகேட் குடுத்தா, அதுல உங்க நம்பிக்கை எங்கே இருக்கு? ரிசல்ட்டுதானே இருக்கு? இந்த நிறுவனம் நம்பிக்கையில நடக்குது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் எதையும் ஓட்டிப் பார்த்ததே இல்லை. இன்னி வரைக்கும் என் கையெழுத்து எதுவும் தப்பாப் போனதில்லை, ஏன்னா யாரும் ஓட்டிப் பார்க்கலை."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பொறுப்பாளர் இல்லாத அநாதைப் புரோகிராம்கள் அறுபத்தொன்று இருந்தன. எழுதியவர்கள் அமெரிக்காவுக்கோ டேராடூனுக்கோ போயிருந்தார்கள். அவற்றுக்கெல்லாம் என்னைக் காப்பாளராகப் போட்டார்கள். டீ வந்து ஆறுவதற்குள் அறுபத்தொரு கையெழுத்துப் போட்டேன். குவார்ட்டர்ஸ் பட்டியல் புரோகிராம் முப்பத்து நான்காவது. அதன் தலைப்பைப் படித்தது ஞாபகம் இருக்கிறது. பேனா நிற்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இயந்திரத்துக்குக் குங்குமம் வைத்து, குளிர்சாதன அறைக்கு வெளியே தேங்காய் உடைத்து, புது கம்பைலரை ஏற்றினோம்.

பிப்ரவரியில் பட்டியல் ஓடியது. பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்தவன் நான்தான். என் கண் முதலில் போனது என் பெயருக்கு. நான்காவது இடம். நான்கு வீடு, நான்காவது ஆள். சந்தோஷம் ஒரு நிமிஷம் முழுசாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு முன்னால் யார் காணாமல் போனார்கள் என்று பார்த்தேன்.

கல்பகம் முதலில் இல்லை. கடைசியிலும் இல்லை. போன வருஷம் முந்நூற்று நாற்பது பெயர் இருந்த பட்டியலில் இப்போது இருநூற்றுத் தொண்ணூற்றேழு. காணாமல் போன நாற்பத்து மூன்று பேரும் தனியாள். குவார்ட்டர்ஸ் புரோகிராம் ஒவ்வொரு ஊழியருக்கும் அவரைச் சார்ந்திருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை முறை சுற்றும். முதல் சுற்றில் மட்டும் பெயரைப் பட்டியலில் எழுதும் வரியையும் அதற்குள்ளேயே வைத்திருந்தான் அமெரிக்கா போன புண்ணியவான். பழைய கம்பைலர், பூஜ்யம் என்றாலும் ஒருமுறை சுற்றி, பெயரை எழுதிவிட்டுத்தான் நின்றது. புதியது எழுதவில்லை. வீட்டில் யாரும் இல்லாதவர் அதற்கு ஆளே இல்லை.

ஒரு வரியை மாற்றினால் போதும். பத்து நிமிஷ வேலை. நேரே ராமசுவாமியிடம் போனேன். அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

"புரோகிராம் பாதிக்கப்படலைன்னு கையெழுத்துப் போட்டது யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

"அப்ப புரோகிராம் பாதிக்கப்படலை. நின்னுதா? எரர் குடுத்துதா? இல்லையே. ஓடி, பட்டியலைக் குடுத்துடுத்து. பாதிக்கப்பட்டது அந்தம்மா. ஆட்கள் பாதிக்கப்பட மாட்டாங்கன்னு நம்ம கமிட்டி எங்கேயும் சர்டிபிகேட் குடுக்கலையே."

"ஒரு வரி சார். திருத்திட்டு மறுபடி ஓட்டினா..."

"பாதிக்கப்படாத புரோகிராமை எதுக்குத் திருத்தணும்? திருத்தினா உங்க சர்டிபிகேட் பொய். ஒண்ணு பொய்னா அறுபத்தொண்ணும் சந்தேகம். உங்களுக்கு சார்ஜ் ஷீட், விசாரணை. பட்டியலை நிறுத்தி வைப்பாங்க, நாலு வீடும் பூட்டியே கெடக்கும்." தாளைப் புரட்டினார். "உங்க பேரு நாலாவது இல்ல? கொழந்தைங்க எத்தனை?"

"ரெண்டு சார்."

"அப்ப புது வெர்ஷன் உங்களை நன்னாப் புரிஞ்சுண்டிருக்கு" என்றார் ராமசுவாமி.

வீட்டில் ரமணியிடம் சொன்னேன். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். பெரியவன் குவார்ட்டர்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் "மன இல்லா நானா?" என்று தெலுங்கில் குதித்தான். நம் வீடா என்று கேட்கிறான்.

"அவங்க ஒண்டியாத்தானே இருக்காங்க. எங்கேயாவது ஒரு ரூம் கிடைச்சாப் போதாதா?" என்றாள் ரமணி. சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள். "நான் சொன்னதா வெச்சுக்காதீங்க" என்றாள் பிறகு. ஆனால் வேறு மாதிரி எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் கல்பகம் என் மேஜைக்கு வந்தார். கோபமாக வருவார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் பயந்துபோய் வந்தார்.

"சார், என் கார்டை நானேதான் பஞ்ச் பண்ணேன். ஏதாவது தப்பாப் போட்டுட்டேனா?"

நான் மேஜை இழுப்பறையைத் தள்ளி மூடினேன்.

"டிபெண்டன்ட் கட்டத்துல சைபர்தான் போட்டேன். ஒருவேளை பக்கத்துக் கட்டத்துல விழுந்துடுச்சா? பத்தொன்பது வருஷத்துல அப்படி ஆனதில்லை. ஆனா வயசாவுது இல்ல, கண்ணு..."

உங்கள் கார்டு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்தக் கார்டு அப்போது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. பார்த்திருந்தேன். அச்சடித்த மாதிரி இருந்தது.

"இருக்கலாம்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதுதான் சின்னது. ஒற்றைச் சொல். அந்தச் சொல்லை வைத்துக் குழு மிச்சத்தைக் கட்டிக்கொண்டது. பிழை விசாரணைப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: இயந்திரம், மின்சாரம், பஞ்ச் ஆபரேட்டர். இயந்திரம் நன்றாக இருந்தது, மின்சாரம் நிற்கவில்லை. கவனக்குறைவு என்று கல்பகத்துக்கு மெமோ போயிற்று; ஒட்டிய பட்டியலை மாற்றும் வழக்கமில்லை என்று பட்டியல் அப்படியே நின்றது. அவர் அழகான கையெழுத்தில், இனி இப்படி நேராது என்று மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். அதைக் கோப்பில் சேர்த்தது நான்தான். காணாமல் போன மற்ற நாற்பத்திரண்டு பேரும் பட்டியலின் அடிமட்டத்துக்காரர்கள். அவர்கள் தேடவும் இல்லை.

உகாதிக்கு முந்தின வாரம் நாங்கள் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனோம். கல்பகம் மல்காஜ்கிரி அறையைக் காலி செய்து, மௌலாலிப் பக்கம் அப்பாவின் நண்பர் வீட்டில் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்ததில் தங்கினார். மூன்று பஸ் மாறினார்.

ஆறு மாதம் கழித்து, ஒரு வரி திருத்த அனுமதி கேட்டுக் குறிப்பு எழுதினேன். 'பாதிக்கப்படாத புரோகிராமில் திருத்தம் கோருவதற்கான காரணத்தை விளக்கவும்' என்று திரும்பி வந்தது. விளக்கினால் என் கையெழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். விளக்கவில்லை.

அடுத்த வருஷப் பட்டியலுக்குக் கார்டுகள் வந்தபோது, கல்பகத்தின் கார்டில் சார்ந்திருப்போர் என்ற இடத்தில் ஒன்று என்று ஓட்டை இருந்தது. பட்டியலில் பெயர் வந்தது. உடனே ராமசுவாமி கூப்பிட்டு அனுப்பினார். சாட்சியாக நானும் நின்றேன்.

"போன வருஷம் சைபர். இந்த வருஷம் ஒண்ணு. யாரு இது? தத்து எடுத்தேளா?"

கல்பகம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான்தான் சார்."

"நீங்களேவா?"

"சைபர் போட்டா கண்ணுக்குத் தெரியலையோன்னு என்னை எண்ணிக்கிட்டேன் சார். என் சம்பளத்துல சாப்பிடுற ஆள் நான் ஒருத்திதானே சார்?"

ராமசுவாமி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தன்னையே எண்ணிக்கொள்ளக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. "தன்னைத்தானே சார்ந்திருப்பவர். அனுமதிக்கலாம். ஆனா சான்று வேணும். ஒரு பொறுப்புள்ள ஊழியர் கையெழுத்துப் போடணும்" என்றார். பொறுப்புள்ள ஊழியர் என்று என்னைப் பார்த்தார்.

கல்பகம் தன் கையாலேயே தட்டச்சு செய்துகொண்டு வந்தார். 'செல்வி கல்பகம் தன்னையே சார்ந்து வாழ்கிறார் என்பதை நான் நேரில் அறிவேன்.' அறுபத்திரண்டாவது கையெழுத்து. வாயைத் திறக்க எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

குழு சான்றை ஏற்றது. சார்ந்திருப்பவர் என்ற தகுதி சான்றின் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது என்றும், முன்னுரிமையும் அன்றைய தேதியிலிருந்தே கணக்கிடப்படும் என்றும் தீர்மானம் போட்டது. முதல் இடத்தில் இருந்தவர் இருநூற்றுத் தொண்ணூற்று நான்காவது இடத்துக்குப் போனார். கடைசி இடம்.

பட்டியல் ஒட்டிய அன்று சாயங்காலம், பஸ்ஸுக்குப் போகும் வழியில் என் மேஜையருகே நின்றார். கையில் ஒரு பொட்டலத்தில் பால்கோவா.

"பேராவது வந்துடுச்சு சார். நீங்க கையெழுத்துப் போடலைன்னா அதுவும் இல்லை. வேற யாரு சார் எனக்காக இவ்வளவு செஞ்சாங்க?"

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அவர் கிளம்பியவர் நின்று, கேட்கலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"உங்க குவார்ட்டர்ஸ்ல தண்ணி ரெண்டு வேளையும் வருதா சார்?"

வருகிறது என்றேன்.